றஹ்மான் எடுக்காமல் விட்ட கல்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஐவியின் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நான்கு பேர் ஜப்பானிய மாஜோங் விளையாடுவார்கள். கரம் பலகையைக் கவிழ்த்து, அதன்மேல் தடித்த பச்சைத் துணியை இழுத்துக் கட்டியதுதான் மேசை. கற்கள் ஒசாக்காவிலிருந்து வந்தவை. ஐவி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். இல்லத்துப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் ஆடிய மேசையில் ஒருவர் இறந்துபோக, நாலாவது ஆளாக ஐவியைப் பிடித்து இருத்திவிட்டார்கள். அவர் ஊர் திரும்பும்போது கற்பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

மற்ற மூவரில் ஒருவர் பஸ்தியாம்பிள்ளை. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து அணைக்கும் டக் படகின் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அடுத்தவர் கலீலுர் றஹ்மான். கிண்ணியாவில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். பஸ்தியாம்பிள்ளை அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். றஹ்மானோடு ஒரு நாள் சும்மா வந்து பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் அவருடைய மனைவி அசனா. அடுத்த மாதமே அவருக்கும் அந்த மேசையில் ஒரு கதிரை விழுந்துவிட்டது.

காசு வைத்து ஆடுவதில்லை. தாயக்கட்டையும் கிடையாது, றஹ்மானுக்கு அது மார்க்கம் விலக்கியது. ஆகவே அடுக்கிய கற்சுவரை எந்த இடத்தில் வெட்டுவது என்பதை, கவிழ்ந்து கிடக்கும் கல் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து, அதன் இலக்கத்தைக் கொண்டு முடிவு செய்வார்கள்.

றம்மி தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் ஒரு பின்னேரத்தில் பிடிபடும். வட்டம், மூங்கில், எழுத்து என்று கற்களில் இனங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை, ஒவ்வொரு கல்லும் நாலு. கையில் பதின்மூன்று கல். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். மூன்று மூன்றாக நாலு கூட்டமும் ஒரு சோடியும் சேர்ந்தால் கை முடிந்தது. றம்மியில் இல்லாதது ஒன்றுதான்: நீங்கள் போடும் கல்லிலேயே எதிராளி கையை முடிக்கலாம். அவர் “றொன்” என்று சொன்னால் அந்தக் கையின் புள்ளி முழுவதையும் கல்லைப் போட்டவர் தனியாகக் கொடுக்க வேண்டும். அதனால் தன் கையைக் கட்டுவது பாதி ஆட்டம். மற்றவருக்குத் தேவையான கல்லைத் தன் கையால் போடாமல் இருப்பது மீதிப் பாதி.

கொழும்பில் ஜப்பானிய மொழி படித்தவர்கள் சிலர் வருடத்தில் ஒரு நாள் கூடி இதை ஆடுவார்கள். திருகோணமலைக்கும் ஒரு இடம் தருகிறோம் என்று இந்த முறை ஐவிக்குச் செய்தி வந்தது. யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. போன ஒரு வருடத்தில் அதிகமாக முதலாம் ஆளாக வந்தவர் அசனா.

“அசனா போகட்டும்,” என்றார் ஐவி. “எங்களுக்குள்ள நல்லா விளையாடுறது அவதானே.”

அசனா கிண்ணியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய பொறுமையை, புரியாணியை, பிள்ளைகளைப் படிப்பித்த விதத்தையெல்லாம் புகழ ஊரில் ஆட்கள் உண்டு. நாலு பேர் இருக்கும் இடத்தில் மூவரை வெல்லக்கூடியவர் என்று யாரும் சொன்னதில்லை. ஐவி சொன்ன வசனத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், மூதூரில் இருக்கும் தங்கை சனூஸாவுக்குப் போனில் சொன்னார்.

“கல்லு விளையாடவா கொழும்புக்குப் போற? எங்கட வளவுல கிடக்கே, கல்லு, ரெண்டு லோட்,” என்றாள் சனூஸா.

“நீ சிரி. நான் போறன்.”

அதற்கு அடுத்த ஞாயிறுதான் விசயம் வெளியே வந்தது.

ஆட்டத்தின் நடுப்பகுதி. அசனா ஐந்து வட்டம் என்ற கல்லைப் போட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை பஸ்தியாம்பிள்ளையுடையது. அவர் ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, மூக்கைச் சொறிந்து, தன் கையிலிருந்தும் ஒரு ஐந்து வட்டத்தைப் போட்டார்.

“றொன்!” என்றார் றஹ்மான், தூண்டிலில் எதிர்பாராமல் மீன் மாட்டியவரைப்போல. கையைத் திறந்து காட்டினார். அவருக்குத் தேவை ஐந்து வட்டம்தான். அழகான கை.

பஸ்தியாம்பிள்ளை கற்களைப் பார்த்தார். பிறகு அசனா போட்டிருந்த கல்லைப் பார்த்தார்.

“தம்பி, நில்லும். இதே கல்லைத்தானே இப்ப தங்கச்சி போட்டவ? ஒருத்தரும் வாய் திறக்கேல்ல எண்டபடியாலதான் நானும் போட்டனான்.”

“ஓம் அண்ணை, நான்… கவனிக்கல்ல.”

“கவனிக்காம விட்டாலும் விட்டதுதான்,” என்றார் ஐவி. விதி என்று வந்தால் அவர் குரலில் இனிப்பு இருக்காது. “ஒரு ஆள் போட்ட கல்லை வெல்லாம விட்டா, உங்கட முறை திரும்பி வாற வரைக்கும் வேற ஒருத்தரிலயும் அதை எடுக்க ஏலாது. இது பிழை றொன். தண்டப் புள்ளி குடுங்கோ.”

தண்டம் கட்டுவது றஹ்மானுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புள்ளிக்குச்சிகளை எண்ணாமலே நீட்டினார். அவசரமாக மற்றக் கற்களோடு தன்னுடையதையும் கலைக்கப் போனார். அசனா கையை வைத்து மறித்தார்.

“கலைக்காதீங்க. நான் போட்டது உங்கட மூக்குக்கு நேரே கிடக்கு. அத நீங்க கவனிக்கல்லயா?”

றஹ்மான் பச்சைத் துணியைத் தடவினார்.

“இஞ்சாருங்க, உங்களத்தான் கேக்கிறன்.”

“கண்டன்,” என்றார் றஹ்மான்.

பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அசனாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். ஐவி தேத்தண்ணி ஊற்றுவதற்காகக் குசினிக்குப் போனார்.

திரும்பும்போது, சீனக்குடா தாண்டியதும், மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்த அசனா கேட்டார்.

“எத்தின தரம்?”

“என்ன எத்தின தரம்?”

“எத்தின தரம் இப்பிடி விட்டீங்க?”

“எண்ணல்ல, புள்ள.”

“எண்ண ஏலாத அளவுக்கா?” கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் அசனா அவருடைய தோளில் தட்டினார். “நிப்பாட்டுங்க.”

பாலத்தின் கைபிடியோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அசனா இறங்கி நின்றார்.

“நான் என்ன பிச்சக்காரியா? எனக்கு எதுக்கு ஸதக்கா தந்தீங்க?”

“சொந்தக்காரருக்குக் குடுத்தா ரெண்டு நன்மையாமே.”

சிரிப்பார் என்று றஹ்மான் நினைத்தார். அசனா சிரிக்கவில்லை.

“ஐவி அக்கா சொன்னதும் நான் நம்பிட்டன். இப்ப அந்த வெற்றியெல்லாம் என்ட ஆட்டமா, உங்கட தர்மமாண்டு எனக்கே தெரியா. எந்த முகத்தோட கொழும்புக்குப் போற?”

“உங்கட ஆட்டம்தான். நான் அங்க இங்க ஒரு கல்ல விட்டிருப்பன். நீங்க கை சேந்து வரக்குள்ள ஒரு மாதிரி உதட்டக் கடிச்சுக்கொண்டு இரிப்பீங்க. அதப் பாத்துக்கொண்டு ‘றொன்’ எண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்ல.”

“பிள்ளைகளோட கரம் அடிக்கக்குள்ள மட்டும் வாய் வருது. சின்னவன அழ வைச்சீங்களே.”

“அது பிள்ளைகள்.”

“அப்ப நான்?”

தூண்டில்காரர் ஒருவர் சிறிய ஒரு மீனை இழுத்து, கொக்கியைக் கழற்றி, திரும்பக் கடலுக்குள் போட்டார். அசனா அதையும் பார்த்துவிட்டு, “பாருங்க, அவரும் உங்கட ஆள்தான்,” என்று சொல்லி வண்டியில் ஏறினார்.

மறுநாள் மருந்துக் கடையிலிருந்து ஐவிக்குப் போன் எடுத்தார்.

“அக்கா, என்ட பேரக் குடுக்காதீங்க. நீங்களே போங்க.”

“பேர் குடுக்க இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. ஞாயிறு வாங்கோ.”

“வந்து?”

“வந்தாத்தானே தெரியும், நீங்கள் எவ்வளவு கூடாத ஆட்டக்காரி எண்டு.”

ஆறுதல் வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தால் அசனா போயிருக்கமாட்டார். இதைக் கேட்டபின் போகாமல் இருக்க அவரால் முடியவில்லை.

அந்த ஞாயிறு ஐவி எல்லோருடைய கற்களையும் முகம் தெரியத் திறந்து வைத்து ஆடச் சொன்னார். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவருடைய கையைக் காணாததுபோல் ஆட வேண்டும். பிறகு ஒவ்வொரு கையின் முடிவிலும் ஏன் அந்தக் கல்லைப் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் பஸ்தியாம்பிள்ளை “றீச்சி” சொன்னார். இன்னும் ஒரே ஒரு கல்தான் தேவை, இனிக் கையை மாற்றமாட்டேன் என்று மேசைக்கு அறிவிப்பது அது. சொன்னவர் ஒரு புள்ளிக்குச்சியை நடுவில் வைத்து, போடும் கல்லைக் குறுக்காகக் கிடத்துவார். அசனா உடனே நிமிர்ந்தார். பஸ்தியாம்பிள்ளை இதுவரை போட்ட கற்களை வரிசையாகப் பார்த்தார். அவரே போட்ட கல்லில் அவரால் றொன் சொல்ல முடியாது என்பதால், அதே கற்களைத் தன் கையில் தேடி எடுத்துப் போட்டார். தப்பினார்.

அடுத்த கையில் றீச்சி சொன்னது ஐவி. அசனா அதேபோல் பார்த்தார், அதேபோல் தப்பினார்.

மூன்றாவது கையில் றஹ்மான் றீச்சி சொன்னார். அசனா ஒரு கல்லை எடுத்தார், தன் கையை ஒழுங்குபடுத்தினார், நாலு மூங்கிலைப் போட்டார். றஹ்மானின் கை எல்லோருக்கும் தெரியத் திறந்து கிடந்தது. அவருக்குத் தேவை நாலு மூங்கில்.

ஐவி அசனாவின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

“இதைப் போட முந்தி அவர் போட்ட கல்லைப் பார்த்தனீங்களா?”

அசனா யோசித்தார். “இல்ல.”

“போன கிழமை?”

“இல்லக்கா.” அவருடைய குரல் இறங்கியது. “ஒரு நாளும் பாத்ததில்ல. இவர் போட்டதப் பாக்கிற பழக்கமே எனக்கு இல்ல.”

“அதுதான் உங்கட குறை. கை கட்டுறதில நீங்கள் என்னையும் விடக் கெட்டிக்காரி. ஆனா நாலு பேர் இருக்கிற மேசையில நீங்கள் ரெண்டு பேருக்குத்தான் பயப்பிடுறீங்கள். எதிரில இருக்கிறவர் அடிக்கமாட்டார் எண்டு உங்கட கைக்குத் தெரிஞ்சுபோச்சு. கொழும்பில அந்தக் கதிரையில வேற ஒராள் இருக்கும்.”

“தம்பி கெடுத்துப்போட்டார்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. “செல்லம் குடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறவையைக் கண்டிருக்கிறன். பெண்சாதியை இப்பதான் காணுறன்.”

“அண்ணை, நீங்க எரியிற நெருப்பில எண்ணெய் ஊத்தாதீங்க,” என்றார் றஹ்மான்.

“நெருப்பே உம்மடது. நான் குளிர் காயுறன்.”

ஐவி கற்களைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார். “நான் இருந்த இல்லத்தில கிமுறா எண்டு ஒரு மனிசி. தொண்ணூற்றொரு வயசு. மகன் பார்க்க வந்தா ஆர் இது எண்டு கேப்பா. அவவுக்குச் சாப்பாடு தீத்துறது, குளிப்பாட்டுறது, தலை இழுக்கிறது எல்லாம் நான்தான். எண்டாலும் மேசையில இருந்தா என்ட பிழைக் கல்லு ஒண்டையும் அவ விட்டதில்ல.”

“நன்றி கெட்ட மனிசி,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

“மற்றவை எனக்குப் பாவம் பார்த்து விட்டவை. வெளிநாட்டுப் பிள்ளை, பாவம் எண்டு. அவையளிட்ட நான் ஒண்டும் படிக்கேல்ல.” ஐவி சுவரை அடுக்கத் தொடங்கினார். “சரி, இனிக் கையை மூடி விளையாடுவம். றஹ்மான், உங்களுக்குத்தான் சொல்லுறன்.”

இரண்டு கை கழித்து அசனா ஒரு கல்லைப் போட்டார். றஹ்மான் அசையவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார். மேசையை நோக்கிக் குனிந்து ஏதோ சொன்னார்.

“என்ன?” என்றார் ஐவி.

“றொன்.”

“தம்பி, நிக்காஹ்வில மாப்பிள்ளை சம்மதம் சொல்லுறமாதிரிக் கிடக்கு,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. “சாட்சிக்காரருக்குக் கேக்கச் சொல்லும்.”

“றொன்!” என்று றஹ்மான் உரத்துச் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது.

அசனாவுக்கு ஒரு நிமிடம் சந்தோசமாக இருந்தது. றஹ்மான் திறந்து வைத்த கையைக் குனிந்து பார்த்ததும் அது போய்விட்டது. ஆயிரம் புள்ளி. அந்த ஆட்டத்தில் அதைவிடக் குறைந்த கை கிடையாது. றஹ்மானுக்கு முன்னால் அவர் போட்ட கற்கள் கிடந்தன. பெரிய கை ஒன்றைக் கட்டப் போதுமான நல்ல கற்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே மெலிந்த கையைக் கட்டியிருந்தார்.

“அடிக்கச் சொன்னா பூவால அடிச்சிருக்கீங்க,” என்றார் அசனா.

“எங்கட ஊருல அதுக்கும் நோகும்.”

“எனக்கு நோகல்ல. அதுதான் பிரச்சின.”

அடுத்த வாரம் முழுவதும் அசனா போனில் விளையாடினார். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், முன்பின் தெரியாத மூன்று பேரோடு. அங்கே எதிரில் இருப்பவருக்கு ஒரு பூனைப் படமும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயரும்தான் இருந்தன. அந்தப் பூனைகள் எதையும் விடவில்லை. ஒருவர் றீச்சி சொன்னதும் அசனா பயந்து இரண்டு கல்லைப் பாதுகாப்பாகப் போடுவார், பிறகு கை அழகாக இருக்கிறதே என்று ஆசை வந்து மூன்றாவதைத் துணிந்து போடுவார், றொன். அப்படிப் பல தடவை அடி வாங்கியபின் விளங்கியது: பின்வாங்குவதானால் முழுக்கப் பின்வாங்க வேண்டும். பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறவருக்குக் கையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

“இண்டைக்கு எத்தினாம் ஆள்?” என்று றஹ்மான் சாப்பாட்டு மேசையில் கேட்பார்.

“நாலாம் ஆள்.”

“அல்ஹம்துலில்லாஹ். அஞ்சாம் ஆளா வர இடமில்ல.”

அசனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அவருக்குக் காட்டுவதற்கு இன்னும் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மூன்றாம் ஆளாக வந்தார். சனிக்கிழமை இரண்டாம் ஆள். முதலாவதாக ஒரு நாளும் வரவில்லை. ஆனால் முன்பு முதலாவதாக வந்தபோது இல்லாத ஒன்று இப்போது இருந்தது: எந்தக் கல்லைப் போட்டாலும் அது ஏன் என்று தனக்குத்தானே சொல்ல முடிந்தது.

பெயர் கொடுக்கக் கடைசி நாளான ஞாயிறு வந்தது. கற்களைக் கலைக்கும்போதே அசனா சொல்லிவிட்டார்.

“அக்கா, இண்டைக்கு ஒரு முழு ஆட்டம். நான் கடைசி ஆளா வந்தா பேர் குடுக்க வேணாம். வரல்ல எண்டா குடுங்க.”

“முதலாவதா வந்தா எண்டு சொல்லுங்கோவன், தங்கச்சி,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

“முதலாவதா வாறது கல்லுட கையில இரிக்கு. கடைசியா வராம இரிக்கிறது என்ட கையில.”

ஐவி ஒரு கணம் அசனாவைப் பார்த்தார். “போனில ஆரோ நல்லா அடிச்சிருக்கினம்,” என்று மட்டும் சொன்னார்.

“உங்களுக்கு விளங்கிச்சா?” என்று அசனா கணவரைக் கேட்டார்.

“விளங்கிச்சு.”

“என்ன விளங்கிச்சு?”

“நான் விட்டா நீங்க கொழும்புக்குப் போவீங்க. விடாட்டிப் போகமாட்டீங்க.”

“அதில்ல நான் கேட்டது.”

“தெரியும்,” என்றார் றஹ்மான். “கல்லப் போடுங்க.”

ஜன்னலுக்கு வெளியே சீமெந்து ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று நங்கூரமிட்டிருந்தது. பஸ்தியாம்பிள்ளை வழக்கமாக ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு குற்றம் சொல்லுவார். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் அப்படி இறுகிப்போயிருந்தது. ஐவி முன்னால் போனார். பஸ்தியாம்பிள்ளை இரண்டு நல்ல கையோடு அவருக்குப் பின்னால். றஹ்மான் வேகமாக ஏறி வேகமாக இறங்கினார். அசனா பெரிதாக எதையும் வெல்லவில்லை, பெரிதாக எதையும் கொடுக்கவும் இல்லை.

கடைசிக் கை வந்தபோது அசனா மூன்றாம் இடம், றஹ்மான் நாலாம் இடம். இடைவெளி அதிகமில்லை. யாருடைய கையும் முடியாமல் சுவர் தீர்ந்தால் அசனா தப்புவார். அசனா போடும் கல்லில் றஹ்மான் ஒரு நடுத்தரக் கையை முடித்தாலும் இருவரும் இடம் மாறுவார்கள்.

அசனாவுக்கு வந்த கற்கள் நல்லவை. எடுத்த ஒவ்வொரு கல்லும் பொருந்தியது. சுவரில் பாதி கரைந்தபோது அவருக்கு இன்னும் ஒரு கல் பொருந்தினால் றீச்சி சொல்லலாம் என்ற நிலை. உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைத் தானே உணர்ந்து விட்டுவிட்டார்.

“றீச்சி,” என்றார் றஹ்மான். குச்சியை நடுவில் வைத்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

அசனாவின் முறை. சுவரிலிருந்து எடுத்தது சரியாகப் பொருந்தியது. இப்போது ஒரு கல்லை மட்டும் கழித்தால் அவரும் றீச்சி சொல்லலாம். கழிக்க வேண்டிய கல் ஆறு மூங்கில். அவரிடம் அது இரண்டு இருந்தது.

றஹ்மானுக்கு முன்னால் கிடந்த வரிசையை முதல் கல்லிலிருந்து பார்த்தார். வட்டங்கள் போயிருந்தன. எழுத்துக் கற்கள் போயிருந்தன. ஒரு மூங்கில்கூட இல்லை. வேறொருவராக இருந்தால் யோசிக்கவே தேவையில்லை; மூங்கில் கல்லைத் தொடக்கூடாது.

ஆனால் எதிரில் இருந்தவர் வேறொருவர் அல்ல. அசனாவுக்கு அவரை இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். இந்தக் கல் அவருக்கு வேண்டியதாக இருந்தாலும் விட்டுவிடுவார் என்று கை சொன்னது. அதுவும் இன்றைக்கு, கொழும்புப் பயணம் இந்தக் கல்லில் தொங்கும்போது, கட்டாயம் விடுவார். போட்டால் தன் கையும் முடியக்கூடும். இரண்டாம் இடம்கூட வரலாம். விரல் ஆறு மூங்கிலின் மேல் போய் நின்றது. நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

அசனா நிமிரவில்லை. கண்களைக் கற்களிலேயே வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையில் ஒரு பூனைப் படத்தை இருத்தி நினைத்துப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த ஒன்பது எழுத்துச் சோடியைப் பிரித்து ஒன்றைப் போட்டார். றஹ்மான் முன்பே போட்ட கல் அது.

கை உடைந்துவிட்டது. அடுத்த முறை சோடியின் மற்றக் கல்லையும் போட்டார். அதற்குப் பிறகு பஸ்தியாம்பிள்ளை போட்டுத் தப்பிய கல்லைத் தானும் போட்டார், ஐவி போட்டுத் தப்பியதைத் தானும் போட்டார். பத்து நிமிடத்துக்கு முன் அழகாக இருந்த கை, குப்பைபோல் ஆகிக்கொண்டு வந்தது. றஹ்மான் ஒவ்வொரு முறையும் எடுத்த கல்லைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, பல்லைக் கடித்து, போட்டார். சுவரில் கடைசிக் கல்லும் போயிற்று.

“முடிஞ்சுது,” என்றார் ஐவி. “ஒரு கல்லுக்குக் காத்து நிக்காதவை, நிக்கிற ஆளுக்குக் கொஞ்சப் புள்ளி குடுங்கோ. நான் இல்லை.”

“நானும் இல்லை,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

“நானும்,” என்றார் அசனா. அந்தப் புள்ளியைக் கொடுத்தபின்னும் அவர் மூன்றாம் இடம்தான்.

றஹ்மான் தன் கற்களைத் திறந்தார். மூங்கிலில் நாலும் ஐந்தும் பக்கத்துப் பக்கமாக நின்றன. மூன்று வந்தாலும் சரி, ஆறு வந்தாலும் சரி. அதோடு அந்தக் கைக்கு மேலதிகப் புள்ளி தரும் கல்லும் மூன்று சேர்ந்திருந்தது. பூவால் அடிக்கும் கை அல்ல அது. போட்டவரை வீட்டுக்கு அனுப்பும் கை.

அசனா தன்னுடைய இரண்டு ஆறு மூங்கிலையும் திருப்பி வைத்தார்.

“மாதாவே,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

மூவரும் றஹ்மானைப் பார்த்தார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்கும் உரிமை அசனாவுக்கு மட்டும் இருந்தது.

“நான் இதப் போட்டிருந்தா, சொல்லியிருப்பீங்களா?”

றஹ்மானுக்குக் கேள்வி கேட்டதாகவே தெரியவில்லை. அவர் அந்த இரண்டு கற்களையும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டையும் நீங்களா வைச்சிருந்தீங்க? ரெண்டும்? நான் அங்க ஒவ்வொரு கல்லாத் தடவித் தடவி விரல் தேயுது. ஒண்டப் போட்டா என்ன? எப்பிடிப்பட்ட கை இது, பாருங்க! ஒரு வருசத்தில எனக்கு இப்பிடி ஒரு கை வந்ததில்ல. அந்த ஒன்பது சோடிய உடைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்திச்சு?”

அசனாவுக்கு அந்த முகம் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் அரைமணி நேரம் பேரம் பேசி, சரி என்று தலையாட்டி, பொருளைச் சுற்றக் கடதாசி எடுக்கும்போது “பிறகு வாறன் நானா” என்று படி இறங்கினால் றஹ்மானுக்கு வருகிற முகம் அது. அதை நடிக்க அவருக்குத் தெரியாது. வேறு எதையும் நடித்துவிடுவார், அதைமட்டும் முடியாது.

“அக்கா,” என்றார் அசனா. “பேரக் குடுங்க.”

ஐவி ஏற்கெனவே போனை எடுத்திருந்தார். “அசனா… உங்கட முழுப்பேர் என்ன மாதிரி எழுதுறது?”

“அது கிடக்கட்டும் அக்கா,” என்று றஹ்மான் குறுக்கே விழுந்தார். இரண்டு கையாலும் கற்களைக் கலைக்கத் தொடங்கியிருந்தார். “பேர் எங்கயும் ஓடாது. இன்னொரு ஆட்டம் போடுவம்.”

“மகனுக்குக் கோல் எடுக்கிற நேரம்,” என்றார் அசனா. “பாலத்தில காத்தும் கிளம்பிரும்.”

“கிளம்பட்டும். இருங்க சொல்றன். உங்களிட்ட ஒரு றொன் எடுக்காம நான் இந்தக் கதிரைய விட்டு எழும்பமாட்டன்.”

பஸ்தியாம்பிள்ளை கதிரையை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டார். “தங்கச்சி, இருங்கோ. தம்பிக்கு இப்பதான் விளையாட்டு வருது.”

அசனா எழுந்தவர், முந்தானையை ஒழுங்காக இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப இருந்தார். கணவர் கலைப்பது போதாது என்று அவருடைய கையை ஒதுக்கிவிட்டு, தானே நன்றாகக் கலைத்தார்.

“வாங்க,” என்றார். “ஏலுமெண்டா எடுங்க.”